ஒரே கேள்வியை இருமுறை கேட்பது ஏன்?
மனக்காயத்தை அளக்கும் கேள்வித்தாளும் அதன் நம்பகத்தன்மையும்

மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு இரண்டாம் முறையாக வருவோரில் பலர் எங்களிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "போன வாரம்தானே டாக்டர் இருபது கேள்விக்கும் பதில் சொன்னேன். அதே தாளை மறுபடியும் கொடுக்கிறீங்களே, பழைய தாளைத் தொலைச்சிட்டீங்களா?"

தாள் தொலையவில்லை. அது நோயாளரின் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. இருந்தும் மீண்டும் கேட்கிறோம். அதற்கான காரணத்தை நோயாளர்களும் உடனிருப்போரும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பற்றியும் சர்க்கரை பார்க்கும் கருவியைப் பற்றியும் இன்று பெரும்பாலோர்க்கு ஓரளவு தெரியும். மனத்தை அளப்பதாகச் சொல்லி நாங்கள் நீட்டும் தாளைப் பற்றி மட்டும் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அந்தத் தாளில் வரும் மதிப்பெண்ணைக் கேட்டு அஞ்சுவோரும் உண்டு. அதைக் கேட்டுத் தவறாக நிம்மதி அடைவோரும் உண்டு. இரண்டாவது வகையினரைப் பற்றியே எங்களுக்குக் கவலை அதிகம்.

இருபது கேள்விகள்

உயிருக்கு ஆபத்தான ஒரு நிகழ்வை நேரில் கண்டவர்கள், அதில் சிக்கி மீண்டவர்கள், நெருங்கிய உறவினரை அப்படித் திடீரெனப் பறிகொடுத்தவர்கள் ஆகியோருள் சிலருக்கு அந்த நிகழ்வு முடிந்த பின்னரும் மனத்தில் முடியாமல் தொடர்கிறது. மாதக்கணக்கில் அது நீடித்து, வேலையையும் உறவுகளையும் பாதிக்கும் நிலையைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்கிறோம். பி.டி.எஸ்.டி. என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் இந்நோய் முதன்முதலாக இப்பெயருடன் இடம்பெற்றது.

இந்நோயின் அறிகுறிகளைக் கேட்டறிய உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது பி.சி.எல்.-5 என்னும் கேள்வித்தாள். அமெரிக்காவில் போர் வீரர்களுக்காக ஏற்பட்ட தேசிய பி.டி.எஸ்.டி. மையத்தின் ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு இதன் இப்போதைய வடிவத்தை அமைத்தனர். கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வோர் அறிகுறியும் எவ்வளவு தொல்லை தந்தது என்று இது கேட்கும். 'சிறிதும் இல்லை' என்பதற்கு 0. 'மிக அதிகம்' என்பதற்கு 4. ஆக, மொத்த மதிப்பெண் 0 முதல் 80 வரை அமையும்.

கேள்விகள் நான்கு தொகுதிகளாக உள்ளன. வேண்டாத நினைவுகளும் கெட்ட கனவுகளும் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்பது பற்றி ஐந்து கேள்விகள். அந்த நிகழ்வை நினைவூட்டும் எண்ணங்களையும் இடங்களையும் ஆட்களையும் தவிர்க்கின்றீர்களா என்பது பற்றி இரண்டு. தன்மீதே பழி போட்டுக்கொள்ளுதல், எதிலும் நாட்டமின்மை, மற்றவரிடமிருந்து விலகிப் போனதாக உணர்தல் போன்றவை பற்றி ஏழு. தூக்கமின்மை, எரிச்சல், சிறு ஓசைக்கும் தூக்கிவாரிப் போடுதல் போன்றவை பற்றி ஆறு.

நம்பகத்தன்மை என்றால் என்ன?

மூங்கில்துறைப்பட்டு அல்லது கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுபோன விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏற்றிய டிராக்டரை எடைமேடையில் நிறுத்துகிறார்கள். ஓர் எடை வருகிறது. உடனே இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றினால் அதே எடை வரவேண்டும். முதல் முறை ஆறு டன், மறுமுறை ஏழரை டன் என்று காட்டும் மேடையை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அளக்கப்படும் பொருள் மாறாதபோது அளவும் மாறாதிருக்க வேண்டும். இதைத்தான் நம்பகத்தன்மை என்கிறோம்.

ஆனால் விவசாயிக்கு இன்னொன்றும் தெரியும். மேடை ஒவ்வொரு முறையும் தவறாமல் இருநூறு கிலோ குறைத்தே காட்டக்கூடும். அது உறுதியான மேடைதான்; ஆனால் பொய் சொல்லும் மேடை. அளக்க வேண்டியதைச் சரியாக அளக்கிறதா என்னும் இந்த இரண்டாவது பண்பை ஏற்புடைமை என்பார்கள். நம்பகத்தன்மை இல்லாமல் ஏற்புடைமை இருக்க இயலாது. நம்பகத்தன்மை இருந்தும் ஏற்புடைமை இல்லாமற்போவது மட்டும் எளிதில் நிகழும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரையின் பாதி விளங்கிவிடும்.

கேள்வித்தாளின் நம்பகத்தன்மையைச் சோதிக்க முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று பார்ப்பது. ஒரே நோயின் அறிகுறிகளைக் கேட்கும் கேள்விகள் என்றால், ஒன்றில் அதிக மதிப்பெண் பெறுபவர் மற்றவற்றிலும் பெரும்பாலும் அதிகமாகவே பெற வேண்டும். இந்த ஒத்திசைவை எண்ணாக்கிக் காட்டும் முறையை லீ குரோன்பாக் என்னும் கல்வி உளவியலாளர் 1951ஆம் ஆண்டு வெளியிட்டார். ஆல்ஃபா என்றழைக்கப்படும் அந்த எண் 1ஐ நெருங்க நெருங்க ஒத்திசைவு அதிகம் என்று பொருள்.

இரண்டாவது வழி, அதே நபரிடம் சில நாள் கழித்து அதே தாளை மீண்டும் கொடுப்பது. இடைவெளி மிகக் குறைவாக இருந்தால், முன்பு சொன்ன பதிலையே நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லிவிடுவார். மிக நீண்டுவிட்டால், இடையில் நோயே கூடவோ குறையவோ செய்யும். அப்போது மாறியது மனமா, அளவுகோலா என்று பிரித்தறிய இயலாது. ஆகவே ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட இடைவெளி. எங்கள் பிரிவில் உங்களை அடுத்த வாரமே மீண்டும் வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவர்களிடம் நடந்த சோதனை

இந்தத் தாளின் நம்பகத்தன்மை பற்றிய முதன்மையான ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் பங்கேற்றவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். வாழ்க்கையில் ஏதோ ஒரு பேரதிர்ச்சியை ஏற்கெனவே சந்தித்தவர்கள். முதற்கட்டத்தில் 278 பேர். இரண்டாம் கட்டத்தில் 558 பேர். கேள்விகளின் ஒத்திசைவு 0.94 என்று வந்தது. ஒரு பகுதியினரிடம் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மீண்டும் கேட்டபோது இரண்டு முறையும் பெற்ற மதிப்பெண்களுக்கு இடையிலான பொருத்தம் 0.82 என்று வந்தது. இரண்டுமே நல்ல எண்கள்தாம்.

மாணவர்களை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு எளிதில் கிடைப்பவர்கள் மாணவர்களே. ஓரிடத்தில் கூடியிருப்பார்கள், மறுவாரமும் அங்கேயே இருப்பார்கள், படித்துப் புரிந்துகொண்டு தாங்களே நிரப்புவார்கள். அவர்கள் துன்பம் அறியாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சாலை விபத்து, நெருங்கியவரின் திடீர் மரணம், வீட்டிலோ வெளியிலோ அனுபவித்த வன்முறை ஆகியன மாணவப் பருவத்தினரையும் தாக்குகின்றன.

0.94 என்னும் எண்ணையும் அப்படியே கொண்டாடிவிட இயலாது. இருபது கேள்விகளையும் படிக்காமல், ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழாக வரிசையாக அடையாளமிட்டுச் செல்லும் மாணவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய பதில்கள் ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப் போகும். அப்படிப் பலர் செய்தால் ஒத்திசைவு எண் உயருமே தவிரக் குறையாது. அக்கறையான பதிலும் அவசரமான பதிலும் அந்த எண்ணில் ஒரே போலத் தோன்றலாம். ஆகவேதான் மறுவாரமும் கேட்க வேண்டியுள்ளது. எதிரில் அமர்ந்து பேசவும் வேண்டியுள்ளது. அலைபேசியைப் பார்த்தபடியே ஒரு நிமிடத்தில் தாளை நிரப்பித் தரும் இளைஞர்களை எங்கள் பிரிவிலும் காண்கிறோம். அவர்களைக் கடிந்துகொள்வதில்லை, தாளை ஓரமாக வைத்துவிட்டு, "இதில் மூன்றாவது கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்போம். உரையாடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. 31 முதல் 33 மதிப்பெண்ணுக்கு மேல் பெற்றால் பி.டி.எஸ்.டி. இருக்கக்கூடும் என்று பரவலாகச் சொல்லப்படும் எல்லைக்கோடு மாணவர்களிடமிருந்து வந்ததன்று. 2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்விலிருந்து வந்தது. அதாவது, தாளின் உறுதி ஒரு கூட்டத்தாரிடம் சோதிக்கப்பட்டது. எல்லைக்கோடு வேறொரு கூட்டத்தாரிடம் வரையப்பட்டது. நம் கள்ளக்குறிச்சியில் அந்தத் தாளை நிரப்புபவரோ இவ்விரு கூட்டத்தாரையும் சேராதவர்.

கடற்கரையில் கிடைத்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கிய பின்னர் தமிழகக் கடற்கரையில் இத்தகைய கேள்வித்தாள்களைக் கொண்டு பல ஆய்வுகள் நடந்தன. அவற்றுள் இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒரு மீனவக் கிராமத்தில் இரண்டு மாதம் கழித்து 314 பேரிடம் ஹார்வர்டு கேள்வித்தாளைக் கொண்டு கேட்டதில், 12.7 விழுக்காட்டினருக்கு பி.டி.எஸ்.டி. இருப்பதாகத் தெரிந்தது. 2007ஆம் ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, சுனாமியால் பாதிக்கப்பட்ட 502 சிறுவர் சிறுமியரிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் வேறொரு தாளின் தமிழ் வடிவத்தைப் பயன்படுத்தியது. அந்தத் தாளில் எட்டே கேள்விகள். அதில் 70.7 விழுக்காட்டினருக்கு அந்நிலை இருப்பதாகக் கணக்கிடப்பட்டது.

ஒரே பேரழிவு, ஒரே மாநிலம், எண்களோ வானத்துக்கும் பூமிக்கும். இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. கேட்கப்பட்டவர்களின் வயது வேறு. கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. இழப்பின் அளவு வேறு. யாரிடம், எந்தத் தாளைக் கொண்டு, எப்போது கேட்டார்கள் என்று தெரியாமல் ஒரு விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பேசக் கூடாது என்பதே பாடம். ஒரு தனி மனிதரின் மதிப்பெண்ணுக்கும் இது பொருந்தும்.

முன் சொன்ன ஹார்வர்டு தாளின் பிறப்பும் கவனிக்கத் தக்கது. 1992ஆம் ஆண்டு வெளியான அது, அமெரிக்காவில் குடியேறிய கம்போடிய, லாவோஸ், வியட்நாம் அகதிகளுக்காக அவரவர் மொழியிலேயே உருவாக்கப்பட்டது. ஆங்கிலத் தாளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது என்பதை அதை உருவாக்கியவர்கள் உணர்ந்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் தம் எழுத்துகளில் இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தியுள்ளார். நம் மக்கள் மனத்தின் வலியைப் பெரும்பாலும் உடலின் வலியாகவே சொல்கிறார்கள். தலைவலி, நெஞ்சடைப்பு, உடம்பெல்லாம் எரிச்சல் என்று வருபவரிடம், அதற்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டால் உள்ளிருப்பது உள்ளேயே இருந்துவிடும்.

'மரத்துப்போதல்': எங்களுக்குக் கிடைத்த பாடம்

2024 ஜூன் மாதத்தை இம்மாவட்டத்தில் யாரும் மறக்க இயலாது. ஜூன் 18, 19 ஆகிய நாட்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் சிகிச்சை நடந்தது. 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பந்தல் போடப்பட்டதை அத்தெருவின் பிள்ளைகள் கண்டார்கள். பிழைத்தவர்களுக்கும், இழந்தவர்களுக்கும், அவற்றை எல்லாம் கண்டுநின்றவர்களுக்கும் மனக்காயம் ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு.

அத்தகையோரிடம் இந்தத் தாளைப் பயன்படுத்தும்போதுதான் அதன் எல்லைகள் எங்களுக்குக் கண்கூடாயின. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். பிழைத்தவருக்குப் பார்வை மங்கியிருந்தால் அவர் தாளைத் தாமே படிக்க இயலாது. யாரேனும் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டுபவரின் குரலும் முகமும் பதிலை மாற்றும்.

சொற்களும் ஏமாற்றின. மனத்தில் எந்த உணர்வும் எழாத நிலையைக் குறிக்க 'மரத்துப்போதல்' என்னும் சொல்லைத் தொடக்கத்தில் நாங்கள் பயன்படுத்தினோம். படித்தவர்க்கு அது பொருத்தமான சொல். நெடுநாள் குடித்துப் பழகிய ஒருவரிடம் கேட்டபோதோ, "ஆமாங்க, காலு ரெண்டும் மரத்துப் போவுது, செருப்பு கழண்டாக்கூடத் தெரியலைங்க" என்றார். மதுப்பழக்கம் நரம்புகளைப் பாதித்துக் கால் மரப்பு ஏற்படுவதுண்டு. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நாங்கள் கேட்டதற்கான பதில் மட்டும் அது அன்று. அந்தக் கேள்விக்கு அவர் பெற்ற மதிப்பெண் மனத்துக்கானதன்று, காலுக்கானது. இப்போது, "முன்பு சந்தோஷப்பட்ட விஷயத்துக்குச் சந்தோஷமே வரமாட்டேங்குதா? பிள்ளை ஓடி வந்து மடியில் உட்கார்ந்தாலும் ஒண்ணும் தோணலையா?" என்று கேட்கிறோம்.

தூக்கமின்மை, எரிச்சல், படபடப்பு ஆகியவற்றிலும் இதே சிக்கல் உண்டு. குடியைத் திடீரென நிறுத்தியவருக்கும் இவை வரும், பேரதிர்ச்சிக்குப் பின்னும் வரும், துக்கத்திலும் வரும். தாள் இவற்றைக் கூட்டி ஓர் எண்ணாகத் தந்துவிடும். எது எதனால் வந்தது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அதற்கு நோயாளர் மறைக்காமல் சொல்லவேண்டியது, எவ்வளவு காலமாகக் குடித்தார், எப்போது நிறுத்தினார் என்பது. அதைக் கேட்பது குற்றம் சுமத்துவதற்காக அன்று.

மலையிலிருந்து இறங்கி வருவோர்

கல்வராயன் மலையிலிருந்து எங்களிடம் வருவோருள் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று மயங்க வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழே. இருந்தும் நாங்கள் எழுதிய தமிழும் அவர்கள் பேசும் தமிழும் ஒன்றல்ல என்பதைப் பலமுறை உணர்ந்திருக்கிறோம்.

'கடந்த ஒரு மாதத்தில்' என்று தாள் தொடங்குகிறது. மாணவருக்குத் தேதியும் மாதமும் கைவசம். மரவள்ளிக்கும் சாமைக்கும் பருவம் பார்த்து வாழும் மூதாட்டிக்கு மாதம் என்பது வேறு. "போன அமாவாசைக்குப் பிறகு" என்று கேட்டால் உடனே தெளிவாகச் சொல்கிறார். 0 முதல் 4 வரை என்னும் ஐந்து படிகளும் அப்படித்தான். 'ஓரளவு' என்பதற்கும் 'கணிசமாக' என்பதற்கும் உள்ள வேறுபாடு படிப்புப் பழக்கத்தால் வருவது. ஒரு குவளையைக் காட்டி, வெறுங்குவளையா, கால் குவளையா, அரைக் குவளையா, முக்கால் குவளையா, நிறைகுவளையா என்று கேட்கும்போது பதில் திடமாக வருகிறது.

மறுவாரம் மீண்டும் வரச்சொல்வதும் மலைவாழ் மக்களுக்கு எளிதன்று. ஒரு நாள் கூலி போகும். பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே முதல் நாளிலேயே, 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் சொல்லக்கூடிய ஐந்து கேள்விகள் கொண்ட சிறிய தாளைக் கேட்டு, தேவைப்படுவோரிடம் மட்டும் நீண்ட தாளுக்குச் செல்வது நல்ல வழி. பி.சி.-பி.டி.எஸ்.டி.-5 என்னும் அந்தச் சிறு தாள் முதல்நிலை மருத்துவ மையங்களுக்காகவே அமைக்கப்பட்டது.

இப்படிச் சொல்லை மாற்றினால், தேதியை மாற்றினால், குவளையைக் காட்டினால், அது அதே தாள்தானா? நியாயமான கேள்வி. மாற்றிய தாளுக்குப் பழைய தாளின் நம்பகத்தன்மையை அப்படியே உரிமை கொண்டாட இயலாது. தமிழாக்கியதை வேறொருவர் மூலப்பிரதியைப் பாராமல் மீண்டும் ஆங்கிலமாக்கிப் பார்க்க வேண்டும். சிலரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயால் கேட்க வேண்டும். பின்னர் இரு வாரமும் கேட்டுப் பொருத்திப் பார்க்க வேண்டும். கல்லூரி மாணவரிடம் மட்டுமல்லாமல், கரும்பு வெட்டுவோரிடமும் மலைவாழ் மக்களிடமும் அவ்வாறு செய்ய வேண்டும். அதுவரை எங்கள் பிரிவில் இந்தத் தாளைப் பேச்சைத் தொடங்கும் கருவியாக மட்டுமே கொள்கிறோம்; அதைக் கொண்டு மட்டும் நோயை முடிவு செய்வதில்லை.

பூச்சியம் என்னும் மதிப்பெண்

எங்களை மிகவும் கலங்கவைப்பது உயர்ந்த மதிப்பெண் அன்று, பூச்சியம். பலரிடம் கண்டதைச் சேர்த்து ஒருவரின் கதைபோலச் சொல்கிறோம். கணவரை இழந்த பெண் ஒருவர், கல்லூரியில் படிக்கும் மகளுடன் வருகிறார். மகள் தாளை வாங்கிக் கேள்விகளைப் படிக்கிறாள். தாய் ஒவ்வொன்றுக்கும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்கிறார். மகள் தயங்கித் தயங்கிப் பூச்சியத்தில் அடையாளமிடுகிறாள். இரண்டாம் வாரமும் அதே பூச்சியம். தாள் மிக உறுதியாக இருக்கிறது. ஆனால் அந்தத் தாய், கணவர் விழுந்து கிடந்த தெருவைத் தவிர்க்க ஒவ்வொரு நாளும் இரண்டு தெரு சுற்றி வேலைக்குப் போகிறார்.

தவிர்த்தல் என்பதே இந்நோயின் ஓர் அறிகுறி. நினைவைத் தவிர்ப்பவர் கேள்வியையும் தவிர்ப்பார். பிள்ளை எதிரில் அழக் கூடாது என்று நினைக்கும் தாய், பிள்ளை கையில் இருக்கும் தாளுக்கு உண்மை சொல்ல மாட்டார். மகளை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, "வேலைக்கு எந்த வழியாகப் போகிறீர்கள்?" என்று கேட்டபோதுதான் பேச்சு வருகிறது. அந்த மகளுக்கும் தனியே ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதை நாங்கள் பின்னரே உணர்கிறோம். தாய்க்காகத் தாளை நிரப்பிய மாணவியிடம், உனக்கு எப்படி இருக்கிறது என்று யாருமே கேட்டிருப்பதில்லை.

உடனிருப்போர் கவனத்துக்கு

நோயாளருக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். படித்துக் காட்ட வேண்டுமென்றால் செவிலியரையோ ஆலோசகரையோ கேளுங்கள். நீங்கள் கண்டதை, அதாவது இரவில் அலறி எழுவது, பேச்சைக் குறைத்துக்கொண்டது, சில இடங்களுக்குப் போக மறுப்பது போன்றவற்றை எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லலாம். ஊகித்துச் சொன்ன பதிலைவிட அது எங்களுக்குப் பெரிதும் உதவும். சென்ற வாரம் என்ன சொன்னோம் என்று நினைவுபடுத்திச் சொல்லவும் வேண்டாம்; இன்று எப்படி இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

சென்ற முறை 38, இம்முறை 35 என்றால் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்த வேண்டாம்; 35 போய் 38 வந்தால் மனம் தளரவும் வேண்டாம். எந்த அளவுகோலிலும் சில எண்கள் ஏறி இறங்குவது இயல்பு. மாணவர்களிடம்கூட இரு வார மதிப்பெண்கள் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதை மேலே கண்டோம். பல வாரங்களாக எண் எந்தத் திசையில் நகர்கிறது என்பதையும், உறக்கம், வேலை, வீட்டார் உறவு ஆகியவற்றில் மாற்றம் தெரிகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம்.

இந்த இருபது கேள்விகளில் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியான கேள்வி இல்லை. ஆகவே மதிப்பெண் எதுவாயினும், 'வாழ்ந்து என்ன பயன்' என்பது போன்ற பேச்சு வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள். இரவு பகல் எந்நேரமும் டெலி மானஸ் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

நிகழ்வு நடந்த முதல் சில வாரங்களில் தூக்கமின்மையும் படபடப்பும் பெரும்பாலோர்க்கு வரும். பெரும்பாலோர்க்குத் தாமே தணியும். அந்த நாட்களில் நடந்ததை வற்புறுத்திச் சொல்ல வைக்காதீர்கள். உணவு, உறக்கம், உடனிருப்பு ஆகியவையே அப்போது மருந்து. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பேச்சுவழிச் சிகிச்சையும், தேவைப்படுவோர்க்கு மாத்திரையும் உண்டு. இரண்டும் பலன் தருபவை என்று நன்கு நிறுவப்பட்டுள்ளது.

அடுத்த முறை வரும்போது நாங்கள் அதே தாளை மீண்டும் நீட்டுவோம். உங்கள் மனத்தை மட்டும் அதனால் சோதிக்கவில்லை. எங்கள் அளவுகோலையும் சேர்த்தே சோதிக்கிறோம். அதில் தவறு தெரிந்தால் திருத்தும் பொறுப்பு எங்களுடையது. எங்கே தவறுகிறது என்று காட்டுவதற்கு உங்கள் உண்மையான பதிலை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.